மருந்து முந்தியது, காரணம் பிந்தியது

நோயின் காரணத்தை முதலில் கண்டு, அதற்கேற்ற மருந்தைப் பின்னர் தேடுவதே வைத்திய சாஸ்திரத்தின் கிரமம் என்று நாம் எண்ணியிருக்க, ஜீன்களின் போக்கைத் திருத்தும் மருந்துகளின் சரித்திரமோ அந்தக் கிரமத்தை முற்றிலும் தலைகீழாக்கிவிட்டது.

1971-ல் நியூயார்க் நகரத்து மௌண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் சார்லட் ஃபிரெண்ட் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும், எலியின் ரத்தப் புற்றுநோய் அணுக்களை வளர்த்த திரவத்தில், ஆய்வுக்கூடங்களில் பிற வஸ்துக்களைக் கரைப்பதற்கென்று வைத்திருக்கும் டைமெதில் சல்ஃபாக்ஸைடைச் சிறிது சேர்த்தபோது, ஓயாமல் பெருகிய அவ்வணுக்கள் சில தினங்களில் பெருக்கம் தணிந்து, ஹீமோகுளோபினை உண்டாக்கிச் செந்நிறம் பெற்றன. புற்றணுவைக் கொல்லாமலே நல்வழிக்குத் திருப்பலாம் என்ற நம்பிக்கை இதனால் பிறந்ததே தவிர, இந்த விந்தை எப்படி நிகழ்ந்தது என்பது விளங்கவில்லை.

கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வைத்தியர் பால் மார்க்ஸும் ரசாயனப் பேராசிரியர் ரொனால்ட் பிரெஸ்லோவும், அத்தகைய இரு மூலக்கூறுகளை ஒரே சங்கிலியில் பிணைத்தால் குறைந்த அளவே போதுமென்று அனுமானித்து, பல வருஷங்கள் புதுப்புதுச் சேர்மங்களைச் செய்து பார்த்து, முடிவில் ‘ஸாஹா’ என்பதை அடைந்தனர்.

காரணத்தின் துப்பு ஜப்பானிலிருந்து வந்தது. ஷியோனோகி கம்பெனியார் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1976-ல் பிரித்தெடுத்த டிரைகோஸ்டாடின் என்னும் பூஞ்சைக் கொல்லி, ஃபிரெண்டின் அதே எலி அணுக்களையும் திருத்துவதைக் கண்ட மினோரு யோஷிதாவும் தெருஹிகோ பெப்புவும், அது எவ்விடத்தில் வேலை செய்கிறது என்பதை 1990-ல் நிரூபித்தனர். டி.என்.ஏ. இழை, நூற்கண்டைப்போல், ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றியிருக்கிறது, இதுவே குரோமாட்டின். ஹிஸ்டோனில் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் சுற்று நெகிழ்ந்து ஜீன் பேசுகிறது. அதை ஒரு நொதி அகற்றினால் சுற்று இறுகி ஜீன் மௌனமாகிறது. டிரைகோஸ்டாடின் அந்த நொதியையே தடுத்துவிடுகிறது. 1996-ல் ஹார்வர்டின் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினர், டிரபாக்ஸின் என்ற மற்றொரு தடுப்பானைத் தூண்டிலாக்கி அந்நொதியைப் பிடித்தெடுத்தனர். ஸாஹாவின் இலக்கும் அதுவே என்பது 1998-ல் தெளிவாயிற்று. நொதியின் ஆழ்ந்த குழியில் இறங்கி, அங்குள்ள துத்தநாக அணுவை ஸாஹா பற்றிக்கொள்வது 1999-ல் புலப்பட்டது.

2006 அக்டோபரில், தோலைப் பற்றும் ஒருவகை லிம்போமாவுக்கு மருந்தாக, ஸாஹா ‘வோரினோஸ்டாட்’ என்ற பெயரில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. களைப்பும் ரத்தத் தட்டணுக் குறைவும் அதன் தோஷங்கள். கட்டியாகத் திரளும் புற்றுநோய்களில் அதனால் விளைந்த நன்மை சொற்பமே. முதற்பலனைக் கண்ட ஃபிரெண்ட் அம்மையாரோ 1987-லேயே காலமாகிவிட்டார். காரணம் தெரியாத பலனை அலட்சியம் செய்யாமல் குறித்து வைத்தவரின் தொண்டு, காரணத்தைக் கண்டு சொன்னவரின் தொண்டுக்கு எள்ளளவும் குறைந்ததன்று.