குதிரைக்கும் இடம் கொடுத்த பப்

1761இல் வோர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியே மான்செஸ்டர் பக்கம் போகத் தொடங்கியதும், அங்கே கரி விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. அதைப் பார்த்த முதலாளிகள் நாடெங்கும் கால்வாய் வெட்டினார்கள். படகை இழுத்த குதிரைக்கு லாயமும் தீனியும் வேண்டும்; படகோட்டிக்கு பீர் வேண்டும். இரண்டையும் கொடுத்துப் பிழைத்தவை கரையோர பப்கள்.

நார்தாம்டன்ஷயரின் ஸ்டோக் புரூயர்னில் உள்ள 'போட் இன்' அந்த வகை. கல் சுவர், வேய்ந்த கூரை. 1877இல் பொறுப்பேற்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த கடை. அருகிலேயே 1805இல் திறந்த பிளிஸ்வர்த் சுரங்கவழி. நீளம் சுமார் 2.8 கிலோமீட்டர். உள்ளே குதிரை நடக்கப் பாதையே கிடையாது. குதிரையை மேட்டின்மேல் ஓட்டிப் போவார்கள். கூலியாட்கள் இருவர் படகின் குறுக்கே போட்ட பலகையில் மல்லாந்து படுத்து, இருபுறச் சுவரையும் காலால் உதைத்து உதைத்தே படகை மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். வெளியே வந்தவர்களுக்குத் தொண்டை வறண்டிருக்காதா என்ன? 1871இல் நீராவி இழுவைப் படகு வந்து அந்தப் பிழைப்பை முடித்துவைத்தது.

கால்வாய்களில் சரக்குப் போக்குவரத்தைப் பெருமளவு ஒழித்துக்கட்டியது 1962–63 குளிர்கால உறைபனி.

அதற்கு முன்பே கால்வாய்க்கு வரும் ஆள் மாறத் தொடங்கிவிட்டது. எல்.டி.சி. ரோல்ட் எழுதி 1944இல் வெளிவந்த 'நேரோ போட்' புத்தகம் பலரைக் கால்வாய்ப் பக்கம் இழுத்தது. 1946இல் கால்வாய்களைக் காக்கச் சங்கமும் பிறந்தது. இன்று வருபவர்கள் விடுமுறைப் படகுக்காரர்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சம்தான் வேக வரம்பு. அதனால் இரவு எந்த பப் என்பதைக் காலையிலேயே முடிவுசெய்கிறார்கள். பிடித்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்புவோர் உண்டு. போட் இன்னில் தோல் மெத்தை வைத்த ஸ்கிட்டில்ஸ் மேசையும் இருக்கிறது: 'சீஸ்' எனப்படும் வட்டுகளை எறிந்து ஒன்பது கட்டைகளைச் சாய்க்க வேண்டும்.