2 டிபியில் நின்றுபோன பார்ட்டிஷன்

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புது 4 டிபி டிஸ்க்குக்கு அப்படியே குளோன் பண்ணினேன். சி டிரைவ் 2 டிபிக்கு மேல நீளவே மாட்டேங்குது. ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கு. டிஸ்க்கில் பழுதில்லை. காரணம் 1983-இல் இருக்கு.

10 எம்பி டிஸ்க்கோடு ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்த வருஷம் அது. கூடவே வந்த டாஸ் 2.0, முதல் செக்டரில் 64 பைட்டுக்கு ஓர் அட்டவணை போட்டது. நாலு பார்ட்டிஷன், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். அதில் அளவைக் குறிக்க 32 பிட்தான். செக்டருக்கு 512 பைட் என்றால் கணக்கு 2 டிபியில் முட்டிக்கொள்ளும். (அன்றைய டிஸ்க்கைப்போல இரண்டு லட்சம் மடங்கு! குறை சொல்ல மனசு வரலை.)

மாற்று, 64 பிட் எண்கள் கொண்ட ஜிபிடி அட்டவணை. 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்ந்த எம்பிஆர்2ஜிபிடி, ஃபைல்களை அழிக்காமலே மாற்றித் தரும். ஆனால் அப்புறம் பூட் ஆக, மதர்போர்டில் யுஇஎஃப்ஐ வேணும். என்னுடையது அதற்கும் முந்தின பழசு. மிச்ச இடம் சும்மா கிடக்கு.