ஓடிப்போனவனும் வேலைக்குப் போனவனும்

லயத்துல ஒரு பையனை ரெண்டு நாளாகக் காணவில்லை என்றால் யாரும் "காணாமல் போயிட்டான்" என்று சொல்ல மாட்டார்கள். "ஓடிட்டான்" என்பார்கள். மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு வயசு அதிகம், அது முதலில் பிள்ளைகளுக்காக வந்த சொல்லும் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். மூன்று மாதம் வரை மறியலில் போடலாம், சம்பளத்தையும் பறிக்கலாம். தொரைமார் அப்படிப் போனவர்களை ஆங்கிலத்தில் 'போல்ட்டர்' என்றார்கள். கட்டை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்கும் அதே சொல்தான்!

ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் கடன் இருந்ததே. ஊரிலிருந்து கிளம்பும்போது வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசிக்கணக்கு, கல்யாணம், சாவு என்று எல்லாமே பெரிய கங்காணியின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடனை யார் கட்டுகிறாரோ அவருக்கு இந்த ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத்துத் தொரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் 'துண்டு'. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவார். அடுத்த தொரை காசைக் கட்டி ஆட்களை எடுப்பார். ஆள் மாறினாலும் கடன் அப்படியே கூடவே வரும். துண்டு கிடைக்காதவர்கள் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள், சில சமயம் கங்காணியே முன்னால் நடக்க, ஒரு கூட்டமாக.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது தொரைமாரின் இரட்டை வேஷம். தன் ஆள் ஓடினால் கோர்ட்டுக்குப் போவார், அடுத்த தோட்டத்து ஆள் ஓடி வந்தால் பேசாமல் பேர் பதிந்துகொள்வார். ஓடினவர்களில் பலர் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு லயத்துக்குத்தான். மறியல் பயம் அந்த ஓட்டத்தை நிறுத்தவில்லை. தோட்டக்காரர்களே பல வருஷம் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் 1921இல் துண்டைத் தடைசெய்தார்கள், வேலையை விட்டுப் போனதற்கு மறியல் என்பதும் அந்தக் காலத்தோடு முடிந்தது. கடன்சீட்டு இல்லாமல் நேரே நடந்து போகலாம் என்றான பிறகு, 'போல்ட்டர்' என்று ஒருத்தனைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

அப்போது பிள்ளைகளும் செக்ரோலில் இருந்தார்கள். 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளை ஓடினால் தோட்டத்துக்கு ஒரு பேர் குறையும். இன்றைக்கு அது குடும்ப விஷயம், கொஞ்சம் தள்ளிப்போனால் கோர்ட் விஷயம்.

அந்தக் கோர்ட் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1841இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தைப்பவர், குடித்துப் பிடிபட்ட ஒருவருக்காகக் கோர்ட்டில் பிணை நின்று, அவரைத் திருத்திக் கூட்டிவந்து காட்டினார். நன்னடத்தை முறை அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அதே 1841இல் இலங்கையில் வந்தது அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், அதாவது வேலையில்லாமல் சுற்றுகிறவனைப் பிடிக்கும் சட்டம். அங்கே ஒருத்தர் ஆளுக்குப் பொறுப்பேற்ற வருஷத்தில் இங்கே ஆளைப் பிடிக்க வழி செய்திருக்கிறார்கள். நமக்குச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது, நன்னடத்தைச் சட்டம் 1944இல், தனித் திணைக்களம் 1956இல். 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அது மாகாண சபைக்கு வந்ததால், பதுளைப் பிள்ளையின் ஃபைல் ஊவா மாகாணத்தின் கையில்.

எங்கள் பக்கத்து லயத்துப் பையன் ஒருத்தன் கடையில் ஃபோன் எடுத்துப் பிடிபட்டான். மறியல் இல்லை, நன்னடத்தை. பெற்றோருடன் வீட்டில் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும், அலுவலரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 'வீடு' பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஆறு பேர். அப்பா குடித்துவிட்டு வந்தால் ஒதுங்க ஒரு மூலை கிடையாது. அம்மா வெளிநாட்டில். அவன் எதிலிருந்து ஓடினானோ அதையே விலாசமாக எழுதி, அங்கேயே இரு என்று சொன்னால் என்ன ஆகும்? மூன்று தடவை கொழும்புக்கு ஓடினான். மூன்று தடவையும் பிடித்துக் கொண்டுவந்து அதே காம்பராவில் விட்டார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஃபைலில் ஒரு வரி கூடியது. கங்காணியின் கடன்கணக்கு மாதிரித்தான்.

அவன் நின்றது எப்படி? பண்டாரவளையில் இருந்த பெரியம்மா "எங்கிட்ட விடுங்க" என்று அலுவலரிடம் போய்ப் பேசினார். அந்த அலுவலர் கேட்கத் தெரிந்த மனுஷி, விலாசத்தை மாற்ற வழி செய்தார். பையன் ஆட்டோ கராஜில் வேலை பழகினான். அதுக்கப்புறம் ஓடவில்லை.

பொஸ்டனிலேயே குளூக் தம்பதி 500 குற்றவாளிச் சிறுவர்களைச் சிறுவயதிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். பிறகு சாம்ப்ஸன், லோப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே ஆட்களை 70 வயது வரை தேடிப்போனார்கள். அவர்கள் திருந்தியதில் தண்டனையைவிட நிலையான வேலை, நல்ல கல்யாணம், பட்டாளச் சேவை போன்றவை பெரிய பங்கு வகித்தன என்பது அவர்களுடைய முடிவு. அதை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. நம் தோட்டத்தில் கல்யாணம் ஆனால் தனி வீடு வருவதில்லை, அதே காம்பராவில் ஒரு சீலைத் திரை வரும். பட்டாளமும் நம் பையன்களுக்கு ஒரு வழியாக இருந்ததில்லை. மிச்சம் வேலைதான். அதுவும் கொழும்பில், பெரும்பாலும் கடையிலும் ஹோட்டலிலும்.

இன்னொன்றையும் சொல்லணும். பலர் நின்றதாக நாம் நினைப்பது உண்மையில் பேர் மாறினது மட்டுந்தான். 15 வயதில் பதுளை பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ் ஏறினால் 'ஓடிட்டான்'. 19 வயதில் அதே பஸ், அதே புறக்கோட்டைக் கடை, அதே அப்பாவோடு அதே சண்டை, ஆனால் 'வேலைக்குப் போயிட்டான்'. இடையில் அவன் மாறினானா, சட்டத்தின் கணக்கில் வயசு மாறினதா என்று ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெண்பிள்ளைகள் கதை வேறு. அவர்களை வீட்டு வேலைக்கு அனுப்பும்போது 'ஓடினாள்' என்று யாரும் சொல்வதில்லை, வீட்டாரே தரகரோடு பஸ் ஏற்றுகிறார்கள். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து போன 16 வயதுச் சிறுமி கொழும்பில் தீக்காயத்தோடு இறந்தபோதுதான் நாடு அந்தப் பயணத்தைத் திரும்பிப் பார்த்தது. வேலைக்கு எடுக்கும் குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்தியதும் அதே வருஷத் தொடக்கத்தில்தான். அப்படிப் போன வீட்டிலிருந்து ஒரு பிள்ளை தப்பி வந்தால் மட்டும், அதற்கு நம்மிடம் இருக்கும் சொல் அதே 'ஓடிட்டா'.