பத்தாவது ஆள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. கடைசியில் நம்ம கோயில் விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். பல சமயத் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள யூதர்களின் ஆலயத்துக்குப் போனோம். நம்ம கோயிலில் இருந்து நானும் இன்னொரு அண்ணனும். முப்பது வருஷமா அந்தத் தெருவுக்கு நான் போறேன். கிருஷ்ணன் கோயிலுக்குப் போவேன், சாமி கும்பிடுவேன், பக்கத்தில் குவான் இம் கோயிலுக்கு வந்த சீன அன்பர்கள் நம்ம கிருஷ்ணன் சந்நிதி முன்னாலயும் ஊதுவத்தி ஏற்றுவதைப் பார்ப்பேன். ஆனா அதே தெருவில் இருக்கிற யூத ஆலயத்தை ஒரு பூட்டின கேட்டாகத்தான் எனக்குத் தெரியும்.

வருஷத்தைக் கவனிங்க. கிருஷ்ணன் கோயில் ஆலமரத்தடியில் ஆரம்பமானது 1870. மகைன் அபோத் என்கிற இந்த யூத ஆலயம் திறக்கப்பட்டது 1878 ஏப்ரல் 4. குவான் இம் கோயில் 1884. பதினாலு வருஷத்துக்குள்ள மூணு சமயம் ஒரே தெருவில் விளக்கு ஏத்தியிருக்கு. மகைன் அபோத் என்றால் 'முன்னோர்களின் கேடயம்' என்று பொருளாம். தென்கிழக்காசியாவில் இன்றைக்கும் நிற்கிற யூத ஆலயங்களில் இதுதான் மிகப் பழையது. 1998ல் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள். நம்ம கிருஷ்ணன் கோயிலுக்கு அந்தப் பெருமை 2014ல் வந்தது.

"யூதருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீங்க. சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டி ஒரு சந்து இருக்கே, பெலிலியோஸ் லேன். அந்தப் பெயர் கல்கத்தாவில் இருந்து வந்த ஒரு யூத மாட்டு வியாபாரியின் பெயர். அந்த வட்டாரம் பூரா மாட்டுக் கொட்டகையா இருந்த காலத்து ஆள். அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துக்கிட்டு எத்தனை தடவை அந்தச் சந்தைத் தாண்டிப் போயிருப்போம், யார் பேருன்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

இன்னும் பின்னால் போனால் கொச்சி. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்கிற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு எழுதித் தந்தான். எழுதியது வட்டெழுத்தில். அங்கே மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய யூத ஆலயம் பகவதி கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்குது. அடுத்தடுத்து சாமி கும்பிடுறது நமக்கும் அவர்களுக்கும் புதுசு இல்லை.

சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கொச்சி யூதர்கள் இல்லை, பாக்தாத் யூதர்கள். பாக்தாத்தை ஆண்ட தாவூத் பாஷா காலத்தில் கொடுமை தாங்காமல் பலர் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். பம்பாய், கல்கத்தா என்று கடை போட்டு, அங்கிருந்து வெள்ளைக்காரன் கப்பல் போன வழியில் இங்கேயும் வந்தார்கள். வாசனைச் சரக்கு, துணி, அபின் எல்லாம் விற்றார்கள். அபின் அன்றைக்குச் சட்டப்படி நடந்த வியாபாரம்.

1830 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் இருந்த யூத வியாபாரிகள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது பேர்.

இந்த ஒன்பதை மனசுல வச்சுக்குங்க. அவர்கள் சமயத்தில் ஒரு விதி உண்டு. வயதுக்கு வந்த, அதாவது பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் முழுமையான கூட்டு வழிபாடு நடத்தலாம். ஒன்பது பேர் இருந்தால் தனித்தனியா சொல்லிக்கலாம், ஆனா சில முக்கியமான பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது, தோரா ஏட்டை எடுத்து வாசிக்க முடியாது. அந்தப் பத்துக்கு 'மின்யான்' என்று பெயர்.

பத்து வருஷம் கழித்து ஆள் சேர்ந்துவிட்டது. 1841ல் போட் கீ பக்கத்தில் ஒரு கடைவீட்டில் வழிபாட்டிடம் அமைத்தார்கள். சினகாக் ஸ்திரீட் என்ற பெயர் இன்னும் அங்கே இருக்கு. கூட்டம் பெருகியதும் மனாசே மேயர் என்கிற வியாபாரி முன்னின்று வாட்டர்லூ ஸ்திரீட் ஆலயத்தை எழுப்ப வைத்தார். அதே மேயர் 1905ல் ஆக்ஸ்லி ரைஸில் செசெட் எல் என்ற இன்னொரு ஆலயத்தையும் கட்டினார். இவ்வளவு பெரிய பணக்காரர். ஆனா பத்துப் பேர் சேரணுமே! ஏழை யூதர்களுக்குக் காசு கொடுத்து வழிபாட்டுக்கு வரவைத்த காலமும் உண்டாம். கட்டடத்தைப் பணத்தால் கட்டிவிடலாம், உள்ளே உட்கார ஆள்தான் வேணும். கோயில் நடத்துகிற நமக்கு இது புரியாதா என்ன?

இனி நான் நேரில் பார்த்ததைச் சொல்றேன்.

அடையாள அட்டையைக் காட்டி, பையைச் சோதனை போட்டு உள்ளே விட்டார்கள். தலையில் வைக்கச் சின்னத் தொப்பி கொடுத்தார்கள். உள்ளே விக்கிரகம் கிடையாது, படம் கிடையாது. நடுவில் ஏடு வாசிக்கிற மேடை. எருசலேம் பக்கத்துச் சுவரில் திரை போட்ட ஒரு அறை, அதுதான் அவர்களுக்கு மூலஸ்தானம் மாதிரி. மேலே பெண்கள் உட்காரும் மாடம், 1893ல் சேர்த்ததாம்.

சாயந்தர வழிபாட்டு நேரம். விருந்தாளிகள் நாங்கள் பின்வரிசையில். அவர்கள் பக்கம் ஒன்பது பேர் இருந்தார்கள். கோட்டு போட்ட பெரிய மனுஷர் இருக்கார், வெள்ளைத் தாடி வைத்த முதியவர் இருக்கார், ரப்பி என்கிற குருவும் இருக்கார். யாரும் ஆரம்பிக்கலை. கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், வாசலைப் பார்க்கிறார்கள். பின்னால் நாங்கள் இத்தனை பேர் இருக்கோம், ஆனா நாங்கள் கணக்கில் வரமாட்டோம்.

நான் பாக்டரியில் லைன் சூப்பர்வைசர். பத்து ஆள் நிற்கிற லைனில் ஒருத்தன் எம்.சி. போட்டாலும் எனக்கு வயிறு கலக்கும். அந்தக் கலக்கம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். பதினாலு வயசு இருக்கும். முதுகில் புத்தகப் பை. எல்லார் முகமும் மலர்ந்தது. முதியவர் அவன் தோளைத் தட்டினார். அடுத்த நொடி வழிபாடு ஆரம்பம். குருவும் பணக்காரரும் அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள். "நீ வரலைன்னா நடக்காது" என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் வாயால் சொல்லத் தேவையே இல்லை. அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.

வழிபாடு முடிந்ததும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேநீர், பிஸ்கட், புத்தகம். எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர்கள் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக ஒரு வருஷத்தில் முடித்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்களாம். உலகம் பூரா அந்த வாரம் அதே பகுதிதான் ஓடும். தோலில் கையால் எழுதின சுருள் அது. மூன்று லட்சத்துக்கும் மேலான எழுத்து. ஒரு எழுத்து அழிந்து போனாலும் திருத்தி எழுதுகிற வரைக்கும் அதை வாசிக்கக் கூடாது. பாக்தாத் வழக்கப்படி அந்தச் சுருளைப் பெட்டியோடு நிமிர்த்தி நிறுத்தித்தான் வாசிப்பார்கள்.

அந்த வாரப் பகுதியில் ஒரு கதை. பாவம் மிகுந்த ஒரு ஊரை அழிக்கப் போவதாக ஆண்டவன் சொல்கிறான். ஆபிரகாம் கடவுளோடு பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவாயா? நாற்பத்தைந்து? நாற்பது? இப்படியே குறைத்துப் பத்தில் வந்து நிற்கிறார். அந்தப் பையன் கை தூக்கிக் கேட்டான், "ஏன் பத்தோடு நிறுத்தினார்? ஒருத்தருக்காகவும் கேட்டிருக்கலாமே?"

முதியவர் கோபப்படலை. சிரித்தார். "நோவா காலத்தில் எட்டுப் பேர் நல்லவர்களா இருந்தும் அந்த உலகம் தப்பலை, அதனால் பத்துக்குக் கீழே கேட்கலை என்று பழைய உரையாசிரியர் ஒருவர் சொல்கிறார். உனக்கு அது சரியாப் படுதா?" என்று திருப்பிக் கேட்டார். பையன் ஒத்துக்கலை. இன்னொருத்தர் அவன் பக்கம் பேசினார். அரைமணி நேரம் வாதம். யாரும் ஜெயிக்கலை. எல்லாரும் சந்தோஷமா எழுந்தார்கள்.

எனக்கு உள்ளே சுருக்குன்னு இருந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்றேன்.

வீட்டுக்கு வந்து இவர்கள் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர்களுக்கும் நம்மைப் போல ஒரு பெரிய கோயில் இருந்திருக்கு, எருசலேமில். பலி, தூபம், பூசாரிகள், திருவிழா எல்லாம் உண்டு. கி.பி. 70ல் ரோமர்கள் அதை இடித்துவிட்டார்கள். பூஜை நின்று போச்சு. கோயிலே இல்லாமல் ஒரு சமயம் எப்படிப் பிழைக்கும்? சேர்ந்து பிரார்த்தனை செய்வதும் சேர்ந்து படிப்பதுமே வழிபாடு என்று ஆக்கிக்கொண்டார்கள். பத்துப் பேரும் ஒரு புத்தகமும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் வழிபாடு நடக்கும்.

இங்கேயும் அவர்களுக்குச் சோதனை வந்தது. போருக்கு முன்னால், 1939 வாக்கில், சிங்கப்பூரில் சுமார் 1,500 யூதர்கள் இருந்தார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் பிடித்ததும் அவர்களைப் பதிவு செய்யச் சொல்லி, அடையாளம் அணிய வைத்தான். 1943ல் ஆண்களைச் சாங்கி சிறையில் அடைத்தான். பிறகு சைம் ரோடு முகாம். நம்ம ஆட்கள் சயாம் ரயில் பாதையில் செத்துக்கொண்டிருந்த அதே காலம். போர் முடிந்ததும் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா, இஸ்ரேல் என்று போய்விட்டன. 1960களின் கடைசியில் மிச்சம் இருந்தவர்கள் சுமார் 450 பேர்.

அந்தச் சின்னக் கூட்டத்தில் இருந்துதான் டேவிட் மார்ஷல் வந்தார். பாக்தாத் யூதர் மகன். போரில் தொண்டர் படையில் இருந்து, கைதியாகி, ஜப்பானில் ஹொக்கைடோ சுரங்கம் வரைக்கும் போய் மீண்டவர். 1946ல் யூதர் நல வாரியம் தொடங்கியபோது அதன் தலைவர். 1955ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். இன்றைக்கு நாம் வாரா வாரம் எம்.பி.யைப் பார்த்து மனு கொடுக்கிறோமே, அந்த மக்கள் சந்திப்பைத் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

டோபி காட் எம்.ஆர்.டி. நிலையம் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் யூதர்களின் பழைய இடுகாடு இருந்தது. 1980களில் ரயிலுக்காக அதைத் தோண்டி மாற்றினார்கள். இடம் போச்சு, கல்லறை போச்சு, ஆட்களும் குறைந்து போனார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் மட்டும் பத்துப் பேர் கூடுவது நிற்கவில்லை.

இது அரசியல் பதிவு இல்லை. தூர தேசத்துச் சண்டையை இங்கே கமெண்டில் இழுக்காதீங்க. அக்கம்பக்கத்து மனுஷர்களிடம் நான் கற்றதைத்தான் சொல்றேன்.

இப்போ நம்ம விஷயம். தேவார ஏடுகளைத் தில்லையில் ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி திறந்து பார்த்தபோது கரையான் தின்றது போக மிச்சம்தான் கிடைத்தது என்று நாம் எல்லாரும் கேட்டிருக்கோம். அன்றைக்குக் கரையான் மேல் பழி போட்டோம். வாரா வாரம் வாய் விட்டுப் படிக்கிற ஏட்டைக் கரையான் தின்னுமா?

நம்ம கோயில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் இப்போ நாலு பிள்ளைகள். ஒரு காலத்தில் முப்பது பேர். வரும் நிர்வாகக் கூட்டத்தில் வகுப்பை நிறுத்தலாமா என்று பேசப் போகிறார்கள். உண்மையைச் சொல்றேன், நிறுத்தலாம்னு கை தூக்கத்தான் நானும் இருந்தேன். உபயத்துக்கு முந்நூறு பேர், அன்னதானத்துக்கு ஐந்நூறு பேர் வர்ற கோயிலில், நாலு பிள்ளைக்கு எதுக்கு ஒரு அறை, ஒரு ஏர்கான் என்று நானே சொல்லியிருக்கேன்.

இன்னொன்றும் சொல்லிவிடணும். போன வருஷம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "அங்கிள், சிவபெருமான் கடவுள்தானே, அப்புறம் ஏன் விஷம் தொண்டையில நிக்கணும்? அப்படியே மறைய வச்சிருக்கலாமே?" நான், "வாய் பேசாதே, பாட்டைப் பாடு" என்றேன். அடுத்த வாரம் அவன் வரலை. அதுக்கப்புறமும் வரலை. அந்த மேசையில் உட்கார்ந்தபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. நல்ல கேள்வி அது. எனக்குப் பதில் தெரியாததால் அவனை அடக்கினேன். அவ்வளவுதான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தார். அவனிடம் சொன்னேன், "தம்பி, நீ கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியலை. ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து தேடுவோம்." அவன் ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினான்.

வந்தால் ஐந்து பேர். இன்னும் ஐந்து வேணும். நம்ம சாத்திரத்தில் பத்துப் பேர் கணக்கு இல்லைதான், தெரியும். ஆனா ஒரு கணக்கு வச்சுக்கிட்டால் என்ன தப்பு? பெரியவர்களும் வரலாம். பாடத் தெரியாதவர்களும் வரலாம், எனக்கே ராகம் வராது. ஞாயிறு காலை பத்து மணி, மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறை. நான் ஷிப்டை மாத்திக்கிட்டேன். வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

திருச்சிற்றம்பலம்.