ரதல: கண்டியின் மேற்குடி

கண்டி இராச்சியத்தில் அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த பிரபுக் குடும்பங்கள் ரதல எனப்பட்டன. கொவிகம சாதியின் உச்சியில் நின்ற சிறு வட்டம் இது. மகா அதிகாரம் (முதன்மை அமைச்சர்), திசாவை (மாகாணத் தலைவர்), ரட்டே மாத்தயா (வட்டாரத் தலைவர்) முதலிய பதவிகளும் அவற்றோடு வந்த நிலங்களும் இக்குடும்பங்களிடையே சுற்றிவந்தன. பதவி அரசன் தருவது. அவன் பறித்தால் நிலமும் போகும். ரதலரின் பலமும் பலவீனமும் இதுவே.

கண்டிக்கு அருகே, கெலிஓயாவை அடுத்த உடுநுவரையில் இத்தகைய அதிகாரத்துக்குப் பழைய சான்று உண்டு. கண்டி இராச்சியத்துக்கு முந்திய கம்பளை மன்னன் நான்காம் புவனேகபாகுவின் அமைச்சர் சேனாலங்காதிகார 1344இல் லங்காதிலக விகாரையைக் கட்டுவித்தார். அங்குள்ள பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டுகள் உள்ளன.

ரதலருக்கு அரியணை மட்டும் எட்டவில்லை. 1739இல் பட்டத்தரசிக்குப் பிள்ளையில்லாமல் கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் இறந்ததும், அவளுடைய நாயக்கர் குலச் சகோதரன் முடிசூடினான். 1798இல் மகா அதிகாரம் பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக்கினார். அதே அரசன் பின்னர் அவருக்கு மரண தண்டனை விதித்தான். அடுத்து அப்பதவிக்கு வந்த எகலப்பொல 1814இல் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். கண்டியில் இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர்.

1815 மார்ச் 2ஆம் தேதிக் கண்டி உடன்படிக்கையில் ரதலப் பிரதானிகள் கையெழுத்திட்டு நாட்டை ஆங்கில முடிக்கு ஒப்படைத்தார்கள். தங்கள் உரிமைகள் நிலைக்கும் என்று நம்பினார்கள்.

நம்பிக்கை மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட திசாவை கெப்பெட்டிப்பொல, அரசாங்கம் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவருடைய மண்டையோடு 1954இல்தான் நாடு திரும்பியது.

1818 நவம்பர் 21ஆம் தேதி ஆங்கிலேயர் வெளியிட்ட பிரகடனம் பிரதானிகளை ஆங்கில முகவர்களுக்குக் கீழ்ப்படுத்தியது. வழியில் ஆங்கில அதிகாரி வந்தால் பிரதானியும் நடுவீதியை விட்டு விலக வேண்டும். உட்கார்ந்திருந்தால் எழுந்து வணங்க வேண்டும். 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்ததும் குடிகளின் உழைப்பும் கைவிட்டுப்போனது. ரட்டே மாத்தயா பதவி மட்டும் அரசாங்க உத்தியோகமாக 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

சுதந்திர இலங்கையில் ரதலர் வாக்கு அரசியலுக்கு வந்தார்கள். ரத்வத்தை குடும்பத்தில் பிறந்த சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானார். அவருடைய அரசாங்கமே 1972இல் தனியார் காணிக்கு 50 ஏக்கர், வயலுக்கு 25 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்துப் பெருநிலக்காரரின் அடித்தளத்தை அசைத்தது.

இன்று கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் நாற்கோணத் தொப்பியும் பல முழத் துணியும் அணிந்து நடக்கும் நிலமேமார் என்ற கோயில் நிர்வாகிகள் ரதல மரபின் தொடர்ச்சி. தலதா மாளிகையின் நிர்வாகத் தலைவரான தியவடன நிலமே பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார். பிக்குகளோடும் தேவாலய நிலமேமாரோடும் பிரதேச செயலாளர்களும் அத்தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.