உவர் நிலத்து உளுந்தும் முளைப்பின் காலக்கணக்கும்

காவிரிக் கழிமுகத்தில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் பயிரைக் கரையேற்ற வேண்டும். நாகப்பட்டினம் பகுதியின் கடலோர உவர் நிலங்களில் இப்பயிரின் முளைப்பை மதிப்பிட, ஆய்வகத்தின் முளைப்புச் சதவீதம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான சோதனையில் பெட்ரித் தட்டில் வடிதாள் விரித்து, சோடியம் குளோரைடு கரைசல் ஊற்றி, ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணுகிறோம். மூடிய தட்டில் கரைசலின் செறிவு கடைசிவரை பெரிதாக மாறுவதில்லை. வயலில் அது நாளுக்கு நாள் ஏறும். செறிநிலைச் சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண் என்பது, அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேட்டின் வரையறை. அந்த அளவில் சவ்வூடுபரவல் அழுத்தம் சுமார் 0.14 மெகாபாஸ்கல், கேட்கச் சிறிதுதான். ஆனால் செறிநிலை என்பது மண் குழைந்து கிடக்கும் நிலை. ஈரம் வயல் கொள்திறனுக்கு இறங்கும்போது நீர் ஏறத்தாழப் பாதியாகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. விதையைச் சூழும் செறிவு இரு மடங்காகிவிடும். கதிர் அறுத்து நிழல் விலகியதும் நிலைமை இன்னும் மோசம். நுண்புழை வழியே அடிமண் உப்பு மேலேறி, விதை கிடக்கும் விரற்கடை மண்ணிலேயே தங்குகிறது. அறுத்த தாளின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான்.

விதை முதலில் நீர் உறிஞ்சுவது வெறும் இயற்பியல் நிகழ்வு. செத்த விதையும் ஊதும். ஆகவே ஊதிய விதையை நம்புவதற்கில்லை. அடுத்து வரும் இடைநிலைக் கட்டத்தில்தான் நொதிகள் விழித்து, விதையிலைச் சேமிப்பைக் கரைக்கத் தொடங்குகின்றன. உவர்ப்பு இக்கட்டத்தை நீட்டுகிறது. முளைவேர் வெளிவரத் தாமதமாகிறது. இது நீர்த்தட்டுப்பாடா, அயனி நஞ்சா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. முளைக்காத விதையைக் கழுவி நன்னீரில் வைத்தால் முளைக்கிறதா? முளைத்தால் பெரும்பாலும் தடுத்தது அழுத்தம். உயிருள்ள விதை முளைக்காமலே மடிந்திருந்தால் சோடியமும் குளோரைடும் உள்ளே புகுந்து கெடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் நாள் முளைத்த விதையும் ஆறாம் நாள் முளைத்ததும் ஏழாம் நாள் எண்ணிக்கையில் ஒன்றே. வயலில் முன்னதன் வேர் ஈரத்தைத் துரத்திக் கீழே இறங்கியிருக்கும். பின்னது உப்பேறிய மேல்மண்ணில் சிக்கிக்கொள்ளும்.

மாஸும் ஹாஃப்மனும் 1977இல் தொகுத்த தாங்குதிறன் எல்லைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் பின்னாளில் திருத்திய பட்டியலில் தட்டைப்பயறுக்கு 4.9, பீன்ஸுக்கு 1.0 டெசிசீமன்ஸ். பயறு வகைக்கு ஒரே எல்லை என்பதே பொருந்தாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே சான்று. தவிர, அவை விளைச்சலுக்கான எல்லைகள். பெரும்பாலும் நாற்று நிலைபெற்ற பிறகு உப்பு ஏற்றி அளந்தவை.

விதையை ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவதன் பயனும் இந்தக் கோணத்தில்தான் விளங்கும். அது சதவீதத்தைப் பெரிதாக உயர்த்தாமல் போகலாம். ஆனால் இடைநிலைக் கட்டத்தைச் சுருக்குகிறது. உவர் நிலத்துக்கு ரகம் பரிந்துரைக்கும் அறிக்கைகள், பாதி விதை முளைக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும், வடிதாளில் அல்லாமல் உலர்ந்துவரும் வயல்மண்ணில் அளந்து, அச்சிட வேண்டும்.