நள்ளிரவு வாக்குப்பெட்டி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டிக்ஸ்வில் நாட்ச் என்னும் மலைச் சிற்றூர் உள்ளது. 1960 முதல் அதிபர் தேர்தலன்று நள்ளிரவிலேயே அங்கு வாக்குப்பதிவு நடைபெறுகிறது. வாக்காளர் அனைவரும் வாக்களித்துவிட்டால் உடனே எண்ணி அறிவிக்கச் சட்டம் இடமளிக்கிறது; ஒருவர் வராவிடினும் எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

1960-இல் 9 வாக்குகளும் நிக்சனுக்கே விழுந்தன. கத்தோலிக்கரான கென்னடிக்கு ஒன்றுமில்லை. நாடோ கென்னடியையே தேர்ந்தது. 2024-இல் டிரம்புக்கு 3, ஹாரிசுக்கு 3. ஆக, இவ்வூரின் பெருமை முடிவை முன்னறிவிப்பதிலன்று. 6 பேரில் ஒருவரும் குறையாமல் வந்து நின்றதில்தான் இருக்கிறது.

வாக்களிப்பது உரிமை மட்டுமன்று, பொதுநலனுக்கான கடமையுமாகும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டியது. "என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?" என்று நாம் கேட்கும் வேளையில், ஒருவருக்காக ஊரே காத்திருக்கும் அந்த நள்ளிரவு நம் மனக்கண்முன் வரட்டும்.